தொட்டிகளை இறக்க மாட்டேன்

புரட்டாசி பிறப்பதற்கு முன்பே எங்கள் கட்டடத்து மாடிப்படி முகப்பில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். வங்காளியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கொசு பெருகுவதால் மொட்டை மாடியில் உள்ள செடித் தொட்டிகள் அனைத்தும் மஹாலயா அமாவாசைக்கு முன் அகற்றப்பட வேண்டும் என்று சொன்னது. யாருடைய தொட்டிகள் என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் இந்த நான்கு மாடி அரசுக் குடியிருப்பின் உச்சியில் தொட்டி வைத்திருப்பது ஒரே வீடு. எங்கள் வீடு. இருபத்திரண்டு தொட்டிகள்.

அதைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. கிழிக்கவில்லை. எனக்கு எழுதத் தெரிந்த வங்காளிச் சொற்கள் பத்துகூட இருக்காது. அவற்றில் இரண்டைப் பேனாவால் அடியில் எழுதினேன். 'ஹோபே நா.' நடக்காது. பிறகு காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். என் மகள் மருத்துவமனையிலிருந்து வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

அந்தத் தொட்டிகளில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பலர் நினைப்பது போல அது அழகுக்கு வைத்த தோட்டம் இல்லை. ரோஜா கிடையாது. எலுமிச்சைப் புல் நான்கு தொட்டி, துளசி மூன்று, புதினா அகலமான பழைய சிமெண்ட் தொட்டியில், ஓமவல்லி, செம்பருத்தி, கைப்பிடிச் சுவரில் கம்பி கட்டி ஏற்றிய சங்குப்பூ. வங்காளிகள் அதை அபராஜிதா என்கிறார்கள், பூஜைக்குப் பறிக்கிறார்கள். நான் டீக்குப் பறிக்கிறேன். மாடியில் இல்லாதவற்றை வெளியிலிருந்து எடுத்து வருவேன். குடியிருப்பின் பின்சுவரை ஒட்டி ஆடாதோடை தானாகவே வேலி போல வளர்ந்திருக்கிறது. நூலகத்துக்கு எதிரே ஒரு பவளமல்லி மரம். காலையில் பூப் பொறுக்க எல்லோரும் வருவார்கள், இலைக்கு நான் ஒருத்திதான். கால்வாய்க் கரையில் வல்லாரை பாய் விரித்தது போலக் கிடக்கும். அதை மட்டும் தொட மாட்டேன். சாக்கடை ஓடுகிற தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அத்தனையும் வல்லாரையில் இருக்கும். எதைப் பறிக்கலாம் என்பதைவிட எங்கே பறிக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். சாலையோரம் கூடாது. நாய்கள் கூடும் மூலை கூடாது. பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் எங்கேயும் கூடாது.

இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் வேதியியல் படித்தவள். கணவருக்கு மத்திய அரசு வேலை, மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு மாறுதல். ஒவ்வொரு ஊரிலும் எனக்குக் கிடைத்த பள்ளி வேலையை அடுத்த மாறுதல் பறித்தது. கொல்கத்தாவுக்கு வந்தபோது மகள் பத்தாம் வகுப்பு. அவளுக்குத் தேர்வு என்றால் எனக்குக் காய்ச்சல் வரும். அவள் பஸ்ஸில் ஏறினால் நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. முதல் எலுமிச்சைப் புல்லை ஒரு பெயிண்ட் வாளியில் நட்டேன். பிறகு நிறுத்தவில்லை.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் அவசரம் ஆகாது. எலுமிச்சைப் புல்லை நறுக்கக் கூடாது, நீளமாகவே எடுத்து முடிச்சுப் போட்டுக் கொதிநீரில் போட வேண்டும். எடுக்கவும் எளிது, நாரும் மிதக்காது. துளசியைக் கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்துவிட்டுப் போட்டு மூட வேண்டும். சங்குப்பூவின் அடியில் இருக்கும் பச்சைக் காம்பைக் கிள்ளாவிட்டால் பச்சை வாடை அடிக்கும். அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறும்போது எனக்குப் பழைய ஆய்வகம் நினைவுக்கு வரும். அமிலம், காரம், லிட்மஸ். உலர்த்துவதுதான் இந்த ஊரில் பெரும்பாடு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அப்பளமே நமத்துப் போகும், இலை எப்படிக் காயும்? செய்தித்தாளில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைப்பேன். அங்கே ஒரு மெல்லிய சூடு இருந்துகொண்டே இருக்கும். நாலு நாளில் நொறுங்கும் பதம் வரும். வராவிட்டால் பூஞ்சை. பூஞ்சை வந்ததை வாசனையிலேயே கண்டுபிடித்துக் கொட்டிவிடுவேன்.

கணவர் இதற்குக் கஷாயக் கடை என்று பெயர் வைத்தார். மகள் கேலி செய்யாமல் குடிப்பாள். அவளுக்குப் பிடித்தது எலுமிச்சைப் புல்லும் இஞ்சியும். ஜாதவ்பூரில் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போவாள். அங்கே வகுப்புத் தோழர்கள் கேட்டால் "அம்மாவோட லேப்ல இருந்து வருது" என்பாளாம்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும்.

நான் சென்னையில் வில்லிவாக்கத்தில் வளர்ந்தவள். தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்த தலைமுறை. கோடையில் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கும், குளித்த தண்ணீரைக் கழிப்பறைக்கும் ஊற்றியவர்கள். மழை பெய்தால் வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரமும் மாடிக்குப் போகும். கொல்கத்தா வேறு ஊர். நகரத்துக்குள் தெருக்குழாய்க்குத் திருகே கிடையாது, நாள் முழுக்க ஓடும். வானமோ நாலு மாதம் கொட்டும். இங்கே பிறந்தவர்களுக்கு மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும் என்று கனவிலும் தோன்றாது. எனக்குத் தோன்றியது. தண்ணீர் கீழே போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது. மாடியில் படிக்கட்டுக் கூரையின் மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் மூன்று பிளாஸ்டிக் குடமும் ஒரு நீல டிரம்மும் வைத்திருந்தேன். செடிக்கும் அதுதான், டீக்கும் அதுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை, மழைத்தண்ணீர் டீயில்தான் துளசி துளசியாக இருக்கும் என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன். சும்மா திறந்து வைக்கவில்லை. கணவரின் பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு வாய்க்கும் இறுகக் கட்டியிருந்தேன். கொசு போக முடியாது, தூசியும் போக முடியாது.

துணி நனைந்தால் தொய்யும். இது ஆறாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மகள் ஜாதவ்பூரிலிருந்து கண் சிவந்து வந்தாள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். மறுநாளே ரத்தம் எடுத்தோம். டெங்கு. இதில் ஒரு மணி நேரம்கூட நான் தாமதிக்கவில்லை, அதை மட்டும் என் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான் சாமிக்கு விளக்கேற்றினேன். மருத்துவர், "இறங்கினதும்தான் நாங்க பயப்படுவோம், அட்மிட் பண்ணிடுங்க" என்றார். அன்று மாலையே வயிற்று வலி, வாந்தி. ரத்தத் தட்டணு எண்ணிக்கை காலைக்கும் மாலைக்கும் பாதியாகக் குறைந்தது. இரண்டாம் நாள் அவளைக் கண்காணிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். கண்ணாடிக்கு வெளியே ஒரு எஃகு பெஞ்ச். அதில் நான் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அவள் கால் கட்டைவிரல் போர்வைக்கு வெளியே தெரிந்தது. அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அவள் தூங்கும்போது போய்ப் பார்க்கிறேன்.

அந்தப் பெஞ்சில்தான் மதுரையிலிருந்து நாத்தனாரின் போன் வந்தது.

"அண்ணி, பப்பாளி இலைச் சாறு குடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"நிலவேம்பு?"

"எதுவும் குடுக்கல. டிரிப்ஸ் ஏறிட்டிருக்கு. டாக்டர் சொல்றதை மட்டும்தான்."

"என்ன அண்ணி நீங்க! ஊருக்கெல்லாம் இலையப் பறிச்சு டீ போடுறவங்க, பெத்த பொண்ணுக்குப் போட மாட்டீங்களா? எங்க தெருவுல ஒருத்தருக்கு ரெண்டே நாள்ல ஏறிடுச்சு."

"நான் போடுறது டீம்மா. மருந்து இல்ல."

"அப்ப அது எதுக்கு?"

போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்க இதே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வந்தது. என் கஷாயத்தைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள்கூட அன்றைக்கு அதைக் கையில் எடு என்றார்கள். கணவரும்கூட ஒரு நிமிஷம் தடுமாறினார். "எதுக்கும் ஒரு ஸ்பூன்..." என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார். எனக்கு என் இலைகளைத் தெரியும். தெரிந்ததால்தான் கொடுக்கவில்லை. ஒரு நல்ல டீ செய்யக்கூடியது எவ்வளவு, அதற்கு மேல் ஒரு அடிகூட அது போகாது என்பது அதைத் தினமும் போடுகிறவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

மறுநாள் முற்பகல் குளித்து உடை மாற்ற வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் வீடு வீடாகத் தேங்கிய தண்ணீர் பார்க்க வரும் நகராட்சிப் பெண்கள் இருவர் வந்தார்கள். மாடிக்கு அழைத்துப் போனேன். என் ஏற்பாட்டைக் காட்டுவதில் அப்போதும் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொட்டிகளுக்கு அடியில் தட்டுகள் காய்ந்து கிடந்தன. குடத்தருகே வந்ததும் அவர்களில் ஒருத்தி குனிந்தாள். துணியை அவிழ்க்கவே இல்லை.

"மாஷிமா, இங்க பாருங்க" என்றாள் மெதுவாக. இங்கே வயதில் மூத்த பெண்களை மாஷிமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வேட்டித் துணி தொய்ந்து, குடத்தின் வாய்க்குள் உள்ளங்கை அளவு குழிந்திருந்தது. துணிக்கு அடியில் இருந்த தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. துணிக்கு மேலே, அந்தக் குழியில், கண்ணாடி போல் தெளிந்த மழைத்தண்ணீர். அதில் அரிசி நொய்யைவிடச் சின்னதாகப் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து போயின. மூன்று குடத்திலும். டிரம்மில் கணக்கே இல்லை.

அவள் தன் பதிவேட்டில் எழுதினாள். கொட்டிக் கவிழ்த்துக் காட்டினாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அழாதீங்க, நிறைய வீட்டுல இப்படித்தான்" என்று வங்காளியில் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஒரு மணி நேரத்தில் எல்லாத் தளத்துக்கும் தெரிந்துவிட்டது.

கணவர் பிறகு சொன்னார்: "ஜாதவ்பூர்ல குளமும் குட்டையும்தான். அங்கயே கடிச்சிருக்கலாம். பகல்ல கடிக்கிற கொசு அது. பகல்ல அவ எங்க இருந்தா?" இருக்கலாம். எந்தக் கொசு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். குடத்தில் புழு இருந்தது. குடம் என்னுடையது. துணியும் நான் கட்டியது.

குடங்களையும் டிரம்மையும் அன்றே பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். தட்டுகள் இருபத்திரண்டையும் உடைத்தேன். செடிகளைத் தொடவில்லை. மகள் வீட்டுக்கு வந்தாள், மெலிந்து, முடி கொட்டி, கோபமாக. கட்டிலில் படுத்துக்கொண்டே கூரையைப் பார்த்து, "மேல இருக்கற எல்லாத்தையும் எடுத்துடும்மா" என்றாள்.

"செடியிலயா கொசு வந்துச்சு?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம். எனக்குப் பால் ஊத்தின நார்மல் டீ போதும்."

பால் டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு மாடிக்குப் போய்ப் புதினாவுக்குக் களை எடுத்தேன். அவள் கேட்டதை நான் செய்யவில்லை. ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பிடிவாதம் என்பார் கணவர். எனக்குத் தெரிந்த காரணம் இது: அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்த எனக்கு எல்லாமே எதிரியாகத் தெரிந்தது. பூந்தொட்டி, தெருவில் கிடக்கும் இளநீர் ஓடு, பஸ், கல்லூரி, ஜன்னல், மழை. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக்கொண்டே போனால் கடைசியில் மகளை ஒரு வலைக்குள் உட்கார வைத்து நான் வாசலில் காவல் இருக்க வேண்டியதுதான். முதல் பொருளிலேயே 'முடியாது' என்று சொல்லாவிட்டால் வேறு எதிலும் சொல்ல மாட்டேன் என்று எனக்குப் பட்டது.

அந்த நிலையில்தான் அறிவிப்பு வந்தது. என் 'ஹோபே நா'வுக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை காலை குடியிருப்புக் கூட்டம் கூட்டினார்கள். முடிவெடுத்து மாலையே ஆள் விட்டுத் தொட்டிகளை இறக்கிவிடுவதாகத் திட்டம். இரண்டு பேரிடம் சொல்லிவைத்திருப்பதாகக் காவல்காரர் என்னிடம் சொன்னார்.

தரைத்தளத்து அறையில் மடக்கு நாற்காலிகள். கையில் மண் கோப்பையில் பால் டீ. செயலாளர் இரண்டாம் மாடிக்காரர், ஓய்வு பெற்றவர், தினமும் காலையில் ஈரத்துண்டோடு கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே படியிறங்குகிற சுத்தக்காரர். நல்ல மனிதர்தான். அவர்தான் என் கணவரோடு முதல் நாள் மருத்துவமனைக்கு வந்தவர். பேச்சு முழுக்க வங்காளியில். என் வங்காளி கடைக்குப் போதுமான வங்காளி.

"பௌதி, கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார். பௌதி என்றால் அண்ணி, இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்; நான் அவரைத் தாதா, அதாவது அண்ணன், என்பேன். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். மேல ஒரு சுந்தர்பன் காடே வளர்த்துட்டீங்க. புலி ஒண்ணுதான் பாக்கி."

எல்லோரும் சிரித்தார்கள்.

"புலி ரெண்டாம் மாடியில இருக்கே தாதா. அதான் மேல தேவைப்படல."

இப்போது அவர் மனைவியே சிரித்துவிட்டார். கொஞ்சம் தைரியம் வந்தது. எழுந்து நின்றேன்.

"தண்ணி வெச்சது நான். தப்பு என்னோடது. குடத்துல புழு இருந்தது, எல்லாருக்கும் தெரியும், நானே சொல்றேன். குடம் போயாச்சு, டிரம் போயாச்சு, தட்டுகூட இல்ல. செடி என்ன பண்ணுச்சு? மண்ணுல கொசு முட்டை வைக்காது."

மூன்றாம் மாடி இளைஞர், செக்டர் ஃபைவில் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்பவர், போனிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: "ஆன்ட்டி, உங்க பொண்ணு சாகப் பார்த்தா. இன்னும் இந்த டீக்காகச் சண்டை போடறீங்க. அன்பிலீவபிள்."

அவருக்கே சொன்னதும் உறைத்திருக்க வேண்டும், போனைக் கீழே வைத்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன். வங்காளி மறந்துபோயிற்று. தமிழில்தான் வந்தது. யாருக்கும் புரிந்திருக்காது.

"அவ பிளேட்லெட் எத்தனைன்னு எனக்குத் தெரியும்டா. காலைல எத்தனை, சாயங்காலம் எத்தனை, ராத்திரி எத்தனை. நீ எனக்குச் சொல்லாத."

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வங்காளிக்கு வந்தேன். "சரி. கொசுதானே பேச்சு? வாங்க, கொசுவைப் பார்க்கலாம். மைதானத்துக்கு வாங்க."

எங்கள் குடியிருப்புக்கு நடுவே ஒரு சின்ன மைதானம். துர்கா பூஜைப் பந்தலுக்காக மூன்று வாரமாக மூங்கில் நட்டுவைத்திருந்தார்கள். பாதி கட்டிய பந்தல், மீதி மூங்கில் சுவரோரம் சாய்த்து வைத்தது. மேல் நுனியில் வெட்டிய மூங்கிலுக்கு வாய் உண்டு. கணுவரைக்கும் அது ஒரு குவளை. மழைக்குக் குவளை நிறையும். நான் இதைப் போன வாரமே மாடியிலிருந்து பார்த்திருந்தேன். புழு எங்கெல்லாம் வளரும் என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"பூஜை மூங்கிலைப் பத்தியா சொல்றீங்க?" செயலாளரின் குரல் மாறிவிட்டது. தொட்டியைப் பற்றிப் பேசலாம், பந்தலைப் பற்றிப் பேசுவது வேறு. வெளியூர்க்காரி பேசுவது இன்னும் வேறு.

"மூங்கிலைப் பத்தி இல்ல. அதுக்குள்ள இருக்கற தண்ணியைப் பத்தி."

"மா துர்காவோட பந்தல் பௌதி!"

"மா துர்காவையும் கொசு கடிக்கும் தாதா."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் தரைத்தளத்து மாஷிமா, எண்பது வயதுக்காரி, எழுந்து கைத்தடியைத் தரையில் தட்டினாள். "அவ சரியாத்தான் கேக்கறா. வாங்கடா, போய்ப் பார்ப்போம். உக்காந்து உக்காந்து முட்டி வலிக்குது."

பத்துப் பதினைந்து பேர் மைதானத்துக்குப் போனோம். சாய்த்து வைத்த மூங்கில்களில் குட்டையானதைப் பார்த்து, பந்தல்காரரின் ஏணியை நானே இழுத்து வந்து வைத்தேன். புடவையைச் செருகிக்கொண்டு நாலு படி ஏறினேன். முதல் வாயில் தண்ணீர் மட்டும்தான். இரண்டாவதிலும் வெறும் தண்ணீர். கீழே யாரோ "ம்ம்" என்று இழுத்தார்கள். ஒன்றும் இல்லாமல் போனால் மாலையில் தொட்டிகள் இறங்கிவிடும். கூட்டத்துக்கு வரும்போதே பையில் போட்டுக் கொண்டு வந்திருந்த கரண்டியை மூன்றாவதில் விட்டு மொண்டு, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினேன். கிண்ணத்தைக் கீழே நீட்டினேன்.

செக்டர் ஃபைவ் இளைஞர்தான் வாங்கிப் பார்த்தார். "ஷிட்" என்றார்.

"எ மா!" என்றாள் மாஷிமா. கிண்ணம் கைக்குக் கை போயிற்று. செயலாளர் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் வெற்றி எதுவும் தோன்றவில்லை. அதே நெளிவு. அதே தெளிந்த தண்ணீர். ஏணியிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கியது.

அரை மணி நேரத்தில் பந்தல்காரர்கள் ஒரு வண்டி மணல் கொண்டுவந்து ஒவ்வொரு மூங்கில் வாயிலும் கொட்டி அடைத்தார்கள். யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. செயலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "தொட்டி இருக்கட்டும். இப்போதைக்கு. வாரம் ஒருத்தர் மேல வந்து பார்ப்பாங்க."

"வரட்டும். ஆனா எல்லா வீட்டு ஏசி தட்டையும் பார்க்கணும். உங்க வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்."

"ஓ பாபா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைக்கவில்லை. இவ்வளவு கோபப்படுவாள் என்றும் நினைக்கவில்லை. "எல்லார் முன்னாடியும் என் பிளேட்லெட் கவுண்ட்டைப் பத்திப் பேசினியா? என் ஃபீவரை வெச்சு நீ ஜெயிச்சுட்டு வந்தியா?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சாத்திய கதவுக்கு வெளியே நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். "தமிழ்லதான் சொன்னேன், யாருக்கும் புரியல" என்றும் சேர்த்துக்கொண்டேன். உள்ளே அவள் சிரித்தாளா இருமினாளா என்று தெரியவில்லை.

இப்போது கார்த்திகை. அவள் ஜாதவ்பூருக்குப் போய் வருகிறாள். முழுக்கைச் சட்டை, காலுக்கும் கைக்கும் களிம்பு. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் இன்றுவரை என் டீயைக் குடிக்கவில்லை. போட்டு வைக்கிறேன். பால் டீயும் போட்டு வைக்கிறேன். எதை எடுப்பது என்பது அவள் உரிமை. நாத்தனார் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லத் தெரியும். டீ எதற்கு? குடிப்பதற்கு. எலுமிச்சைப் புல்லின் வாசனைக்கு, சங்குப்பூவின் நிறத்துக்கு. மாலை நாலு மணிக்குச் சூடாக ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு. நோயைத் தீர்க்காவிட்டால் ஒரு இலைக்கு உலகத்தில் இடம் இல்லையா? என் மகளைக் காப்பாற்றியது சிரைக்குள் ஏறிய உப்புத் தண்ணீரும் ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாத ஒரு நர்ஸும். அவர்களுக்குக் கும்பிடு. என் துளசிமேல் அந்தப் பாரத்தை ஏற்ற மாட்டேன். பழியையும் ஏற்ற மாட்டேன்.

சண்டை முடிந்துவிடவும் இல்லை. அடியில் தட்டு இல்லாததால் தொட்டித் தண்ணீர் தளத்தில் இறங்கி, எங்கள் வீட்டுக் கூரையிலேயே ஈரம் காட்டுகிறது. கணவர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொள்கிறார். தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளைக்கு இரண்டாக.

இன்று காலை பின்சுவரோரம் போய் ஆடாதோடையில் விரல் கனத்தில் ஒரு கிளை வெட்டினேன். சுவரை இடித்துக் கட்டப் போகிறார்களாம், அந்த வேலி இருக்காது. மண் நிரப்பிய புதுத் தொட்டியில் அதைச் செருகி, இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் செயலாளர் ஈரத்துண்டோடு இறங்கி வந்தார். தொட்டியைப் பார்த்தார்.

"இன்னொண்ணா, பௌதி?"

"இன்னொண்ணு, தாதா."

படி குறுகல். இரண்டு பேர் போக முடியாது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் பெருமூச்சு விட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டு எனக்கு வழிவிட்டார்.